தக்கை அமுங்கும் நேரம்

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது ஒரு கெளுத்தி மீன் என்னைக் காட்டிக்கொடுத்தது.

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. எங்கள் ஊர் செம்பனார்கோயில் பக்கம். காவிரியிலிருந்து பிரிந்து, பிரிந்ததிலிருந்தும் பிரிந்து வரும் வாய்க்கால் ஒன்று எங்கள் கொல்லையை ஒட்டி ஓடும். மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறப்பது வழக்கம் என்றாலும் கடைமடையான எங்களுக்குத் தண்ணீர் வந்துசேர நாளாகும். ஆடி கடைசியில்தான் வாய்க்கால் நிறைந்து ஓடும். அன்று சித்தப்பா தன் தூண்டிலைப் படித்துறைப் பூவரச மரத்தில் சாத்திவிட்டு டீ குடிக்கக் கடைத்தெருவுக்குப் போனார். “பார்த்துக்க பாப்பா” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பார்த்துக்கொள்ளச் சொன்னதைப் பிடித்துக்கொள்ளச் சொன்னதாக நான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு மூங்கில் கழி, நரம்பு, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, முள், முள்ளில் கோத்த மண்புழு. அவ்வளவுதான் தூண்டில். எப்படிப் பார்க்க வேண்டும் என்று சித்தப்பா முன்பே சொல்லியிருந்தார். தக்கை துள்ளினால் பொடி மீன் கொத்துகிறது, விட்டுவிடு. தக்கை அப்படியே அமுங்கினால் சுண்டி இழு. அதுவரை அசையாதே, பேசாதே.

முதல் கொஞ்ச நேரம் தக்கையைத்தான் பார்த்தேன். பிறகு அது என் கண்ணில் இருந்தது, ஆனால் நான் பார்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. 1986இல் அதை நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன் அப்பாவின் மடியில் உட்கார்ந்து ஒரே ஒரு முறை போயிருக்கிறேன். அன்று படித்துறையில் அந்த ரயிலை நான்தான் ஓட்டினேன். ஆக்கூர் தாண்டியது, திருக்கடையூர் தாண்டியது, பொறையாறு தாண்டியது. தரங்கம்பாடி ஸ்டேஷனில் எல்லாரும் இறங்கத் தயாராக மூட்டைகளைத் தூக்குகிறார்கள். நான் நிறுத்தவில்லை. ரயில் கோட்டையைச் சுற்றிக்கொண்டு மணலில் இறங்கி அலைமேல் ஏறிவிட்டது. சக்கரத்தின் இரண்டு பக்கமும் தண்ணீர் பிளக்கிறது. பெட்டியில் இருந்த யாருக்கும் பயமில்லை. ஒரு கிழவி மட்டும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் கடல்தண்ணீரை அள்ளிப் பார்க்கிறாள்.

அப்போதுதான் இழுத்தது.

அந்த இழுப்பை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கையைப் பிடித்த மாதிரி இருந்தது. கழி கையைவிட்டுப் போகப் பார்த்தது. வயிற்றுக்குள் ஒரு குளிர். சுண்டி இழுக்க வேண்டும் என்பதெல்லாம் மறந்துபோய், கழியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்பக்கமாக விழுந்தேன். நான் விழுந்ததால்தான் மீன் கரைக்கு வந்தது. என் முழங்கை நீளத்துக்குக் கெளுத்தி. மீசையை ஆட்டிக்கொண்டு புல்லில் கிடந்து துடித்தது. சந்தோஷத்தில் இரண்டு கையாலும் அள்ளினேன். கெளுத்தியின் முள் எங்கே இருக்கும் என்று சித்தப்பா சொல்லித்தந்திருக்கவில்லை. உள்ளங்கையில் ஏறிவிட்டது.

கெளுத்தி முள் குத்தியவர்களுக்குத் தெரியும், அந்தக் கடுப்பு அரை நாளானாலும் அடங்காது. பொறுத்துப் பார்த்தேன். சோறு பிசையும்போது முடியவில்லை. அம்மா கையைப் பிடித்துப் பார்த்தாள். சுண்ணாம்பு தடவினாள். தடவிக்கொண்டே, “யாரு உன்னைத் தண்ணிக்கரையில தனியா உட்காரச் சொன்னது?” என்று கேட்டாள். மீன் எவ்வளவு பெரிசு என்று அவள் கேட்கவில்லை. சித்தப்பாவுக்கும் திட்டு விழுந்தது. “இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கிற பொண்ணு” என்று அப்பாயி முடித்துவைத்தார். ‘இன்னிக்கோ நாளைக்கோ’ என்பதன் அர்த்தம் எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதன்பிறகு நான் தூண்டில் பிடிக்கவில்லை. என் தம்பி பிடித்தான்.

பல வருஷம் இதை நான் மீன் பற்றிய தடை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெண்ணியம் படிக்கத் தொடங்கிய வயதில் ‘ஆண்களின் விளையாட்டில் பெண்ணுக்கு இடமில்லை’ என்று இந்தக் கதையைச் சொல்லியும் இருக்கிறேன். அது தவறு. எங்கள் ஊரில் மீன் பிடிக்கும் பெண்களை யாரும் தடுத்ததில்லை. பங்குனி, சித்திரையில் வாய்க்கால் வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கும்போது, எங்கள் வயலில் வேலை செய்த பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்குவார்கள். வெறுங்கையால் துழாவிக் குரவையும் உளுவையும் பிடித்து மடியில் போட்டுக்கொள்வார்கள். நடவு முடிந்து ஏறும்போது வரப்பு வளையில் கைவிட்டு நண்டு எடுப்பார்கள். அவர்கள் வீட்டு இரவுக் குழம்பு அதுதான். யாரும் அதை வேடிக்கையாகக்கூடப் பார்த்ததில்லை. பெண் மீன் பிடிக்கலாம். குனிந்தபடி, வேர்த்தபடி, அடுத்த வேலைக்கு ஓடியபடி பிடிக்கலாம். உட்கார்ந்து பிடிக்கத்தான் கூடாது.

தூண்டில் என்பது உட்காருவதற்கான அனுமதிச் சீட்டு. சித்தப்பா தினமும் மாலை இரண்டு மணி நேரம் வாய்க்கால் கரையில் இருப்பார். பல நாள் வெறுங்கையோடுதான் வருவார். வீட்டில் அவரை யாரும் சோம்பேறி என்று சொன்னதில்லை. “தம்பி தூண்டி போடப் போயிருக்கு” என்றால் அது ஒரு வேலை. நிலத்தில் அவருக்காக வேறு யாரோ குனிந்து நின்றதால்தான் அவரால் அந்த இரண்டு மணி நேரம் உட்கார முடிந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஓய்வைப் பங்குபோட்டதில் சாதிக்கும் கைவரிசை உண்டு. சேற்றில் மீன் பிடித்த பெண்களின் வீட்டு ஆண்கள் சித்தப்பாவைப் போல மாலையெல்லாம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அதே படித்துறைக்கு எங்கள் வீட்டுப் பெண்களும் தினம் வந்தார்கள். துணி துவைக்க, பாத்திரம் துலக்க, குடம் நிரப்ப. வேலை முடிந்து ஒருத்தி அப்படியே படியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தால் யாராவது கேட்டுவிடுவார்கள்: “என்ன, பேய் அடிச்ச மாதிரி உட்கார்ந்திருக்கே?” உச்சிப் பொழுதில் தண்ணீர் ஓரம் தனியாக இருக்கும் பெண்ணைக் காற்று கறுப்பு பிடித்துக்கொள்ளும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. ஆணைப் பிடிக்கும் என்று யாரும் சொன்னதில்லை.

சொற்களைக் கவனித்துப் பாருங்கள். ஆண் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தால் ‘யோசனையில் இருக்கிறார்’. பெண் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தால் ‘பராக்குப் பார்க்கிறாள்’, ‘பிரமை பிடித்திருக்கிறாள்’, ‘நினைப்பு எங்கேயோ இருக்கிறது’. அந்த எங்கேயோ என்பது பெரும்பாலும் ஓர் ஆண் என்றுதான் ஊர் முடிவு செய்யும். நான் ரயில் ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் நம்பியிருக்க மாட்டார்கள்.

தமிழ் படிக்கப் போனபோது இந்த விஷயத்தை நான் மறந்திருந்தேன். குறுந்தொகைதான் மறுபடி ஞாபகப்படுத்தியது. அதில் 54ஆம் பாடலைப் பாடியவரின் பெயர் மீனெறி தூண்டிலார். இயற்பெயர் மறைந்துபோனதால் பாடலில் வரும் தொடரையே பெயராக வைத்துவிட்டார்கள். செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், கல்பொரு சிறுநுரையார் எல்லாம் இப்படி வந்த பெயர்கள்தாம். பாடலில் தலைவி தோழியிடம் பேசுகிறாள். திருமணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறான் தலைவன். நான் இருப்பது இங்கே, என் நலமோ அவனோடு அங்கேயே போய்விட்டது என்கிறாள். அவனுடைய காடு எப்படிப்பட்டது? தினைப்புனம் காப்பவர்கள் கவண் வீசுகிறார்கள். அந்த ஓசைக்கு அஞ்சி, தின்பதற்கு வளைத்துப் பிடித்திருந்த மூங்கிலை யானை விட்டுவிடுகிறது. மீன் சிக்கியதும் விர்ரென்று மேலே எழும் தூண்டில் மாதிரி அந்த மூங்கில் நிமிர்கிறது.

பாடல் குறிஞ்சித் திணை. மலை, யானை, தினை, மூங்கில். நடுவில் ஒரு தூண்டில். கவிஞருக்கு அது எங்கிருந்து வந்தது? அதே குறுந்தொகையில் 74ஆம் பாடலிலும் யானை விட்டதும் நிமிரும் மூங்கில் வருகிறது. அங்கே உவமை அவிழ்த்துவிட்ட குதிரை. அதை எழுதியவருக்கு விட்டகுதிரையார் என்று பெயராயிற்று. குதிரையைத் தெருவில் நின்றபடி யாரும் பார்க்கலாம். தூண்டில் எழும் கணத்தை அப்படிப் பார்க்க முடியாது. நெடுநேரம் ஒன்றுமே நடக்காமல் கிடந்த ஒரு கழி ஒரே நொடியில் எழுவதைக் காண, அந்த ஒன்றும் நடக்காத நேரம் முழுவதும் அங்கே இருந்திருக்க வேண்டும். மீனெறி தூண்டிலார் கரையில் உட்கார்ந்திருந்தவர். அது மட்டும் எனக்கு உறுதி. பெயரின் கடைசியில் இருக்கும் ‘ஆர்’ ஆணுக்கும் பொது, பெண்ணுக்கும் பொது. அந்தப் பொது விகுதிக்குள் ஒரு பெண்ணை உட்காரவைத்துப் பார்ப்பது என் ஆசை. ஆய்வேட்டில் ஆசையை எழுத முடியாது. இங்கே எழுதலாம்.

இன்னொன்றும் அப்போது கண்ணில் பட்டது. சங்கப் பாடல்களில் தலைவி எப்போது தனியாக, உட்கார்ந்து, எங்கோ பார்த்தபடி இருக்கிறாள்? குறிஞ்சியில் தினைப்புனத்துப் பரணில் கிளி ஓட்டும்போது. நெய்தலில் காயும் மீனைப் பறவைகள் கொத்தாமல் காவல் இருக்கும்போது. இரண்டும் காவல் வேலை. கை ஓயலாம், மனம் போகலாம், ஆனால் யாரும் ‘சும்மா இருக்கிறாள்’ என்று சொல்ல முடியாது. தலைவன் வந்து சேர்வதும் பெரும்பாலும் அங்கேதான். தினை விளைந்து கொய்துவிட்டால் காவல் முடிந்தது, அவளை வீட்டுக்குள் அழைத்துக்கொள்வார்கள், சந்திப்பு நின்றுபோகும். இதை நாம் காதலர் பிரிவாகப் படிக்கிறோம். உட்காருவதற்கு இருந்த ஒரே சாக்கு போய்விட்டதாகவும் படிக்கலாம். பெண்ணின் மனம் நடமாட அந்தச் சமூகம் தந்த இடம் ஒரு பரண் அளவு, ஒரு அறுவடைக் காலம் அளவு.

இந்தப் பாடலை இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்கு நடத்திக்கொண்டிருந்த ஒரு நாளைச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. உச்சி வெயில், கடைசி பெஞ்சில் ஒரு மாணவி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே சைக்கிள் நிறுத்தும் கொட்டகை தவிர வேறெதுவும் இல்லை. யானை மூங்கிலை விடும் இடத்தில் நான் நிறுத்தினேன். “எங்கேம்மா போயிட்டே? எந்த ஊர்ல இருக்கே?” என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரிப்பு வரவேண்டும் என்றுதான் அந்தக் குரலில் கேட்டேன். அவள் எழுந்து நின்றாள். தலை குனிந்திருந்தது.

வகுப்பு முடிந்ததும் அவளே வந்தாள். “சாரி மேம்” என்றாள். பிறகு, நான் எதுவும் கேட்காமலே, “காலைல நாலு மணிக்கு எழுந்து மாட்டுக்கிட்ட போகணும் மேம். சமைச்சு வெச்சிட்டு ஏழு மணி பஸ்ஸு. சாயங்காலம் போனா திரும்ப மாடு. இங்கதான் மேம் உட்கார்ந்திருக்கேன்” என்றாள்.

குறை சொல்லும் குரலில் அவள் சொல்லவில்லை. மன்னிப்புக்கான விளக்கமாகத்தான் சொன்னாள். நான் ஏதோ சொல்லி அனுப்பினேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அன்று மாலை பஸ்ஸில் வரும்போது, கவண் வீசியவள் நான்தான் என்பது புரிந்தது. அம்மா, அப்பாயி வரிசையில் நானும் போய் நின்றிருந்தேன், கையில் சாக்பீஸோடு. அதற்குப் பிறகு ஜன்னல் வழியாகப் பார்க்கும் பெண்களை நான் கூப்பிடுவதில்லை. கேள்வி கேட்க வேண்டியிருந்தால் முன் பெஞ்சில் கேட்டுக்கொள்கிறேன்.

வர்ஜீனியா வுல்ஃப் 1928இல் கேம்பிரிட்ஜின் பெண்கள் கல்லூரிகளில் பேசியதிலிருந்து உருவாகி 1929இல் வந்த நூலில், ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் வருகிறாள். அவளுடைய சிந்தனை நீரோட்டத்தில் தூண்டில் போட்டுக் காத்திருக்கிறது, ஒரு சிறு மீன் மாதிரி ஓர் எண்ணம் சிக்குகிறது. அந்தப் பரபரப்பில் எழுந்து புல்தரையில் நடக்கிறாள். பல்கலைக்கழகக் காவலாள் ஓடிவந்து, புல்தரை ஆண்களுக்கானது, நீ சரளைப் பாதையில் போ என்கிறான். மீன் தப்பிவிடுகிறது. எம்.ஏ. படிக்கும்போது இதை நூலகத்தில் வாசித்துவிட்டு, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன்.

1931இல் ஆற்றிய உரையொன்றில் அவர் இன்னும் கடினமான ஒன்றைச் சொல்கிறார். எழுத உட்கார்ந்த பெண், ஆழமான ஏரிக்கரையில் தூண்டிலோடு கனவில் மூழ்கியிருக்கிறாள். கயிறு விரல்களுக்கிடையே வேகமாக ஓடுகிறது. பெரிய மீன்கள் உறங்கும் இருட்டுக்கு அது போகிறது. அங்கே எதிலோ மோதி நின்றுவிடுகிறது. அவள் தன் உடலைப் பற்றி ஏதோ நினைத்துவிட்டாள். அதைப் பெண் சொல்லக் கூடாது. தமிழில் அந்த மோதலின் சத்தத்தை நான் நேரில் கேட்டேன். 2002இல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுப்பு வெளிவந்து, அதையொட்டிப் பெண் கவிஞர்கள்மேல் கூச்சல் எழுந்தபோது நான் இருபதுகளில் இருந்தேன். நோட்டில் நான் எழுதி வைத்திருந்த சில கவிதைகளை அப்போது பயந்து கிழித்தேன். இழுப்பு வந்தது, கழியை நானே விட்டேன். அந்தக் கவிதைகள் திரும்ப வரவில்லை.

அதற்குப் பிந்தைய இழப்புகளுக்கு அப்படிப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருக்கும்போது ஒரு வரி இழுக்கும். கை முழுக்கக் கறை. துடைத்துக்கொண்டு பேனா தேடுவதற்குள் குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும். விடைத்தாள் திருத்தும்போது ஒரு வரி இழுக்கும். விடைத்தாள் ஓரத்தில் எழுதக் கூடாது. எழுத வரவில்லை என்று புலம்பும் தோழிகளிடம் நான் சொல்வது இதைத்தான். வராமல் இல்லை. வரும் நேரத்தில் நம் கையில் கழி இருப்பதில்லை, கரண்டி இருக்கிறது. தக்கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் நேரம், மீன் வராத நேரம் என்று எழுதிக் கழித்துவிடக் கூடிய அந்தப் பெரிய வெற்று நேரம், அதுதான் நமக்குக் கிடைப்பதில்லை. அது இல்லாமல் இழுப்பு மட்டும் வந்து பயனில்லை.

அப்பாவின் தலைத்திவசத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். அதுவும் ஆவணி. திவசம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு, அம்மாவோடு நான்கு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று விடுப்பு போட்டிருந்தேன். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. வீட்டில் இரண்டு பேர்தான், ஆனாலும் அவள் விடியற்காலையிலிருந்து எதையாவது தேய்த்துக்கொண்டோ மடித்துக்கொண்டோ இருந்தாள். மூன்றாம் நாள், மாட்டுக் கொட்டகைப் பரணில் தம்பி மகனின் தூண்டில் ஒன்று கிடைத்தது. கழி மூங்கில்தான். தக்கை மட்டும் கடையில் வாங்கிய சிவப்பு பிளாஸ்டிக். கொல்லையில் வாழையடியில் மண்ணைக் கிளறிப் புழு எடுத்து, கொட்டாங்கச்சியில் போட்டுக்கொண்டு படித்துறைக்குப் போனேன்.

பூவரச மரம் இல்லை. படிகளில் இரண்டு பெயர்ந்திருந்தன. தண்ணீர் இருந்தது.

ஒரு மணி நேரத்தில் நான்கு பேர் என்னைக் கடந்து போனார்கள். “என்ன டீச்சர், மீன் வாங்கக் காசில்லையா?” என்றார் ஒருவர். “தம்பி எங்க, அது வரலையா?” என்றார் இன்னொருவர். சைக்கிளில் போனவர் இறங்கி நின்று, “உடம்புக்கு எதுவும் இல்லையே?” என்று அக்கறையாகவே விசாரித்தார். எதிர்க்கரையில் ஒரு மனிதர் நான் வருவதற்கு முன்பிருந்தே தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கடைசியாக அம்மா வந்தாள். கையில் டீ இருந்தது. முகத்தில் அந்தப் பழைய கேள்வி இருந்தது.

“ஏண்டி, புரொபசருக்கு இதுதான் வேலையா? ஊரு சிரிக்குது.”

“சிரிக்கட்டும்மா. உட்காரு.”

“அடுப்புல பால் இருக்கு.”

“அணைச்சிட்டுத்தானே வந்தே?”

பதில் சொல்லாமல் மேல் படியில் உட்கார்ந்தாள். நான் டீ குடித்தேன். புழு தீர்ந்துவிட்டிருந்தது. “இதைக் கொஞ்சம் பிடி, புழு எடுத்துக்கிட்டு வந்துடுறேன்” என்று கழியை அவள் கையில் கொடுத்தேன். “எனக்கு என்னடி தெரியும்” என்றபடியே வாங்கிக்கொண்டாள். தக்கை துள்ளினால் விட்டுவிடு, அமுங்கினால் சுண்டி இழு என்றேன். “தெரியும் தெரியும், உங்க சித்தப்பன் சொல்லிக் கேட்டிருக்கேன்” என்றாள்.

புழு எடுக்கப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். திரும்பி வரும்போது வேலி ஓரத்திலேயே நின்றுவிட்டேன். அம்மா ஒரு படி கீழே இறங்கி உட்கார்ந்திருந்தாள். கழி முழங்கால்மேல் இருந்தது. தக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் பார்க்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. நெற்றியில் எப்போதும் இருக்கும் சுருக்கம் விட்டிருந்தது. என் அம்மாவின் முகம் எதுவும் செய்யாமல் இருந்து நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தூக்கத்தில்கூட அது அடுத்த நாளுக்கான கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். இது நான் அறியாத ஒரு பெண்ணின் முகம். கூப்பிடத் தோன்றவில்லை. எத்தனை நேரம் நின்றேனோ தெரியாது. கொட்டாங்கச்சியிலிருந்து ஒரு புழு என் விரல்மேல் ஏறியது.

தக்கை துள்ளவில்லை. அப்படியே போய்விட்டது.

“ஆ... வர்றேன்!” என்று கத்திக்கொண்டு அம்மா எழுந்தாள். இரண்டு கையாலும் கழியைத் தலைக்குமேல் தூக்கினாள். சிலேபிக் கெண்டை ஒன்று அவளைத் தாண்டிப் பறந்து வந்து என் காலடியில் விழுந்தது. அம்மா திரும்பினாள். கண் விரிந்திருந்தது. புடவைத் தலைப்பு தண்ணீரில் நனைந்திருந்தது. பிறகு சிரித்தாள், குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு. எதிர்க்கரை மனிதரும் சிரித்தார். அதை அவள் பொருட்படுத்தவில்லை.

‘வர்றேன்’ என்றுதான் கத்தினாள். யாரோ கூப்பிட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி. யார் கூப்பிட்டார்கள்?

அன்று சாயங்காலம் கொல்லையில் சாம்பல் போட்டு மீனைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

“அங்க எங்கம்மா போயிருந்தே?”

“எங்க போனேன்? அங்கதான் உட்கார்ந்திருந்தேன்.”

“இல்ல, வேற எங்கேயோ போயிருந்தே. நான் பார்த்தேன்.”

அம்மா மீனைத் திருப்பிப் போட்டாள். செதில் பறந்து என் கையில் ஒட்டியது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அப்பாவைப் பற்றியதாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் பிறந்த ஊர்க் குளமாக இருக்கலாம் என்றும் நினைத்தேன். கட்டுரைக்கு ஆகும் என்றுகூட நினைத்தேன், மறைக்க என்ன இருக்கிறது.

“அதெல்லாம் சொல்றதுக்கில்ல” என்றாள். கோபமாக இல்லை. உதட்டோரத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

என் அம்மாவின் மனதில் எனக்குச் சொல்ல விரும்பாத ஓர் இடம் இருக்கிறது என்பதை நாற்பத்து மூன்று வயதில் தெரிந்துகொண்டேன். அவளுடைய துக்கங்கள் எல்லாம் எனக்குத் தெரியும். பல முறை சொல்லியிருக்கிறாள். துக்கத்தை மட்டும் வைத்து அவளைப் பற்றி நான் எத்தனை கவிதை எழுதிவிட்டேன். பன்னிரண்டு வயதில் நான் ஓட்டிய ரயிலைப் பற்றி யாரும் என்னைக் கேட்காததை ஒரு குறையாக இத்தனை காலம் வைத்திருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்பது இப்போது சந்தேகமாக இருக்கிறது.

குழம்பு நன்றாக வந்திருந்தது. ஒரு மீன்தான் என்பதால் தலைப்பக்கத்தை எனக்கு வைத்தாள். நான் அதை எடுத்து அவள் தட்டில் வைத்தேன். பிடித்தவள் அவள். சாப்பிட்டுக் கை கழுவும்போது, “புழு மிச்சம் இருக்கா?” என்று கேட்டாள்.

“இருக்கும்மா. நாளைக்கும் போலாம்.”

“நீ வர வேணாம். நான் மட்டும் போயிட்டு வர்றேன்” என்றாள். “நீ இருந்தா ஏதாவது கேட்டுக்கிட்டே இருப்பே.”